கிளாசிக் 350-ல் கோன் ஃபில்டர்: இருந்த பிக்கப் எங்கே போனது?

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2014 மாடல். பிஎஸ்3 புகை விதிக் காலத்து வண்டி; பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்ப்ரேட்டர். இரண்டு பிளக் வைத்த யூசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் வகை), 346 சிசி. மதுரையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அதைக் கொண்டுவந்த தம்பி சொன்ன புகார் சுருக்கமானது: "பிக்கப்புக்காகத்தாண்ணே ஏர் ஃபில்டர் மாத்துனேன். மாத்துனதுல இருந்து இருந்த பிக்கப்பும் போச்சு."

முன்கதையைக் கேட்டு வாங்கினோம். ஆன்லைனில் ஒரு கோன் ஃபில்டர் வாங்கியிருக்கிறார். சிவப்பு எண்ணெய் தடவிய பருத்தித் துணி, மேலே கம்பி வலை, கழுவித் திரும்பத் திரும்பப் போடலாம் என்று விற்கிறார்களே, அந்த வகை. வேறொரு கடையில் கொடுத்து மாட்டியிருக்கிறார். அவர்கள் கம்பெனி ஏர் பாக்ஸை, அதாவது ஃபில்டர் உட்காரும் டப்பாவை, முழுசாகக் கழற்றிவிட்டு, கோனை நேராக கார்ப்ரேட்டர் வாயில் வைத்து கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டார்கள். முதல் நாள் சத்தம் பிரமாதம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் டேங்க்குக்குக் கீழே இருந்து ஒரு உறுமல். தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம்தான் 60-ஐத் தாண்டும்போது வண்டி இழுக்காமல் நின்றது. திரும்பவும் அதே கடை. "காத்து நிறைய போகுது, பெட்ரோல் பத்தல" என்று சொல்லி மெயின் ஜெட்டை, அதாவது கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையை, பெரிதாக்கிக் கொடுத்தார்கள். தேக்கம் போகவில்லை. முன்பு லிட்டருக்கு 35-ஐ ஒட்டிக் கொடுத்த வண்டி 28-க்குக் கீழே இறங்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்டாசு. கடைசியில் கொடைக்கானலுக்குப் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பெருமாள்மலையைத் தாண்டியதும் இரண்டாவது கியரில்கூட முக்கியிருக்கிறது. அந்தப் பயணம்தான் அவரை எங்களிடம் கொண்டுவந்தது.

பிளக் சொன்னது

பட்டாசு வெடித்தால் கலவை மெலிந்துவிட்டது, அதாவது பெட்ரோல் குறைவு என்று பலரும் சட்டென்று முடிவுக்கு வருவார்கள். ஃபில்டர் மாற்றிய வண்டி என்றால் சந்தேகமே படமாட்டார்கள். ஆனால் இரண்டு பிளக்கையும் கழற்றியபோது இரண்டிலும் காய்ந்த கரி. விரலால் தொட்டால் மையாக ஒட்டியது. பெட்ரோல் பற்றாத எஞ்சினின் பிளக் வெளுத்துப்போய் இருக்கும், இது நேர்மாறு. சைலன்சர் முனையிலும் அதே கரி.

அப்படியானால் பட்டாசு எங்கிருந்து வந்தது? இந்த எஞ்சினில் புகைவழிக்குக் கொஞ்சம் புதுக்காற்று அனுப்பும் ஒரு வால்வும் குழாயும் உண்டு. எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியை அங்கேயே எரித்துப் புகையைக் குறைக்கத்தான் கம்பெனி அதை வைத்திருக்கிறது. கலவை அளவோடு இருக்கும்வரை அது தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். அளவுக்கு மீறிய பெட்ரோல் எரியாமல் வந்தால், சூடான சைலன்சருக்குள் புதுக்காற்றும் சேர, பட்டென்று வெடிக்கும். ஆக, பட்டாசு சத்தம் பெட்ரோல் குறைவாலும் வரும், அதிகத்தாலும் வரும். சத்தத்தை வைத்து ஜெட் மாற்றுவது குருட்டு வைத்தியம். பிளக்கைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது.

சரி, பெட்ரோல் அதிகம். ஜெட் பெரிதாக்கியதால் வந்த அதிகம் என்று முடித்துவிடலாமா? முடியாது. தேக்கம் ஜெட் மாற்றுவதற்கு முன்பே இருந்தது. ஏதோ ஒன்று முதல் நாளிலிருந்தே தவறாக இருந்திருக்கிறது.

சைடு பேனலைக் கழற்றி, எஞ்சினைச் சூடாக்கி, கோனை மட்டும் உருவிவிட்டு ஓட விட்டோம். ஃபில்டர் இல்லாத எஞ்சினைத் தூசியில் ஓட்டக் கூடாதுதான். ஷெட்டுக்குள் சில நொடிகள், அவ்வளவே. ஐடிலிங் தானாக ஏறியது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தடங்கல் இல்லாமல் சுற்றியது. கோனை மாட்டினால் பழைய கதை. பக்கத்தில் நின்ற தம்பி, "அப்ப ஃபில்டர் அடைப்பாண்ணே? புதுசுண்ணே அது" என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துணியில் அடைப்பு எதுவும் இல்லை. அடைப்பு இருந்த இடமே வேறு.

கார்ப்ரேட்டர் வாயின் விளிம்பு

இந்த வண்டியில் இருப்பது பிஎஸ்29 வகை சிவி கார்ப்ரேட்டர். நாம் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது நேராகத் திறப்பது பட்டர்ஃபிளை வால்வு மட்டும். பெட்ரோல் ஊசியைத் தூக்கும் ஸ்லைடை நம் கை தொடுவதில்லை. அதை ஒரு மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் தூக்குகிறது. டயாஃப்ரத்துக்கு மேலே எஞ்சினின் உறிஞ்சல், கீழே வெளிக்காற்றின் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்லைடை மேலே ஏற்றும். கீழ்ப்பக்கத்துக்கு வெளிக்காற்று வந்துசேர ஒரு வழி வேண்டும். அந்த வழி கார்ப்ரேட்டர் வாயின் மேல் விளிம்பில் சின்னப் பிளவாகத் திறக்கிறது. கீழ் விளிம்பில் இன்னும் சில பொடித் துளைகள் இருக்கும். பைலட் ஜெட்டுக்கும் (ஐடிலிங்குக்கான சின்ன ஜெட்) மெயின் ஜெட்டுக்கும் போகும் பெட்ரோலில் முன்கூட்டியே காற்றைக் கலந்து நுரையாக்குவது அவற்றின் வேலை. குண்டூசி போகிற அளவுதான். பார்த்தால் யாருக்கும் முக்கியமாகத் தோன்றாது.

கோனின் ரப்பர் கழுத்துக்குள் ஒரு உதடு இருக்கும். கார்ப்ரேட்டர் வாய் எங்கே வந்து முட்டி நிற்க வேண்டும் என்பதற்கான தடுப்பு அது. பல வண்டிகளுக்குப் பொதுவாகச் செய்த கோன்களில் அந்த உதடு தடிமனாக, உள்நோக்கி நீண்டிருக்கும். வாயின் விளிம்பில் லேசாக கிரீஸ் தடவி, கோனை வழக்கம்போல அழுத்தி மாட்டி, கிளாம்ப்பை முறுக்கி, மறுபடி கழற்றினோம். ரப்பர் உதட்டில் விளிம்பின் அச்சு கிரீஸ் வட்டமாகப் பதிந்திருந்தது. அந்த வட்டத்துக்குள்ளேயே மேலே பிளவின் அச்சு, கீழே துளைகளின் அச்சு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அதாவது ஃபில்டர் மாட்டும்போதெல்லாம் ரப்பர் போய் எல்லா வழியையும் மூடிவிடுகிறது.

தம்பிக்கு அதைக் காட்டியதும் புரிந்துவிட்டது. மேல் பிளவு மூடினால் டயாஃப்ரத்துக்குக் கீழே காற்று வராது. ஸ்லைடு பாதியிலேயே நிற்கும். 60-க்கு மேல் சுவரில் முட்டியது மாதிரி இருக்கும். கீழ்த் துளைகள் மூடினால் பெட்ரோலில் காற்று கலக்காது, கலவை கெட்டிப்படும், பிளக் கரியாகும். போதாக்குறைக்குப் பெரிய ஜெட். நோய் ஒன்று, மருந்தும் அதே நோய்.

மாட்டியவர்கள் வேலை தெரியாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. பழைய ஸ்லைடு கார்ப்ரேட்டர்களில், ஆக்ஸிலேட்டர் கேபிளே ஸ்லைடை நேராகத் தூக்கும் வகைகளில், இதே கோனை மாட்டி ஒரு ஜெட் ஏற்றினால் வண்டி ஒழுங்காக ஓடும். அந்தக் கைப்பழக்கம் சிவி கார்ப்ரேட்டரிடம் செல்லாது. சிவி வகைக்கு வாய்க்கு முன்னால் அமைதியான காற்று வேண்டும். ஏர் பாக்ஸ் என்ற அந்த அழகில்லாத கறுப்பு டப்பா கொடுப்பது முக்கியமாக அதைத்தான்.

எவ்வளவு காற்று, எவ்வளவு லாபம்

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடலாம். கோன் வாங்குகிற எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கம்பெனி ஃபில்டர் மூச்சை அடக்கி வைத்திருக்கிறது, திறந்துவிட்டால் சக்தி பெருகும் என்று.

இந்த எஞ்சினின் உச்ச சக்தி 19.8 பிஎச்பி, 5,250 ஆர்பிஎம்-ல். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். 346 சிசி-யை 2,625 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு சுமார் 908 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது; எண்பது சதவீதம் என்று வைத்தால் விநாடிக்கு 12 லிட்டர் வருகிறது. ஒற்றை சிலிண்டர் என்பதால் அந்தக் காற்று சீராகப் போவதில்லை. நாலில் ஒரு பங்கு நேரத்தில் மொத்தத்தையும் இழுத்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கும். இழுக்கிற கணத்தில் ஓட்டம் விநாடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர். நடுவில் ஒரு டப்பா இருந்தால், அதில் தேங்கி நிற்கும் காற்று இந்தத் திடீர் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். ஃபில்டர் துணிக்கு அவ்வளவு பாரம் வராது. டப்பாவைத் தூக்கி எறிந்தால் அந்த முழு இழுப்பும் நேராகக் கோன் மேல் விழும்.

ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பெரிய லேப் இல்லாமலே அளக்கலாம். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து டேப் ஒட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மையும் கலந்து, ஒரு முனையை ஏர் பாக்ஸில் ஃபில்டருக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவே செருக வேண்டும். மறுமுனை வெளிக்காற்றில். ஒற்றை சிலிண்டர் துடிப்பில் தண்ணீர் தாறுமாறாகக் குதிக்கும். அதற்குக் குழாய்க்குள் ஒரு பழைய பைலட் ஜெட்டைச் செருகிவிட்டால் போதும். பொடித் துளை துடிப்பை அடக்கிவிடும், மட்டம் நின்று காட்டும். பின்சீட்டில் ஒருவர் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ள, காலியான ரோட்டில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்க்கலாம்.

10 சென்டிமீட்டர் தண்ணீர் வித்தியாசம் என்றால் சுமார் 1 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் மொத்த அழுத்தம் 100-ஐ ஒட்டி. அதாவது 10 சென்டிமீட்டருக்கு ஒரு சதவீதம். பிற்பாடு இந்த வண்டியில் கம்பெனி டப்பாவோடும் புதுக் காகித ஃபில்டரோடும் பார்த்தபோது நாலைந்து சென்டிமீட்டர்தான் தெரிந்தது. அதிலும் பாதிக்கு மேல் டப்பாவின் மூக்குக் குழாயால் வருகிற தடை. காகிதத்தை எடுத்துவிட்டு அதே அளவில் வரும் பருத்தி ஃபில்டரைப் போட்டால் மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட நகரவில்லை. முழு லாபத்தையும் கணக்கில் எடுத்தாலும் 19.8 பிஎச்பி-யில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதைக் கையால் உணர முடியாது.

இப்போது நஷ்டப் பக்கம். டப்பா இருக்கும்போது அதன் மூக்கு எஞ்சின் சூட்டிலிருந்து கொஞ்சம் விலகிய இடத்தில் காற்றை எடுக்கும். கோன் சூடான எஞ்சினுக்கு ஒட்டிப் பின்னால் உட்கார்ந்திருக்கும். மே மாதத்து மதுரையில், சிக்னலில் நின்று கிளம்பும்போது, அங்கே இருக்கும் காற்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று 10 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். ஒரு சதவீதம்கூட இல்லாத லாபத்துக்காக 3 சதவீதத்தைக் கொடுக்கிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெட் மாற்றச் சொல்பவர்கள் முழுக்கத் தப்பு இல்லை. கார்ப்ரேட்டர் பெட்ரோலை இழுப்பது, அதன் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் மேல் உள்ள அழுத்தத்துக்கும் குறுகிய கழுத்தில் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான். அந்த வித்தியாசமே சில கிலோபாஸ்கல்தான். எனவே சக்தியில் ஒரு சதவீதத்தைக்கூட மாற்றாத தடை கலவையில் அதைவிடப் பெரிய மாற்றத்தைக் காட்டிவிடும். டப்பாவையே எடுத்தால் ஜெட் தேவைப்படலாம் என்பது நியாயம். டப்பாவுக்குள் துணியை மட்டும் மாற்றினால் தேவைப்படாது.

ஹார்லி வைத்திருப்பவர்கள் 'ஸ்டேஜ் 1' என்று சொல்லி ஏர் கிளீனர், சைலன்சர், டியூனிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதைப் பார்த்துத்தான் இங்கே நிறையப் பேருக்கு ஆசை வருகிறது. அந்தப் பெரிய வி-ட்வின் எஞ்சின்களின் நிலைமை வேறு. சத்த வரம்புக்காகவும் புகை வரம்புக்காகவும் கம்பெனியே அவற்றின் மூச்சைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. திறந்துவிட்டால் வித்தியாசம் நிஜமாகத் தெரியும். சும்மா விடவும் மாட்டார்கள். அந்த டியூனிங் கருவிகள் புகை வரம்பை மீறவைக்கின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு பிடித்து, 2016 ஆகஸ்டில் ஹார்லி டேவிட்சன் 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. நம் 350-ன் கதை அப்படி இல்லை. இங்கே உண்மையான இடுக்கு 29 மில்லிமீட்டர் கார்ப்ரேட்டரும், எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் நிதானமான கேமும். 28 நியூட்டன் மீட்டர் இழுவையை 4,000 ஆர்பிஎம்-லேயே கொடுப்பதற்காகக் கட்டிய எஞ்சின் இது. ஃபில்டர் இதன் மூச்சை அடக்கவில்லை.

தூசி

கோனை எடுத்துவிட்டு, கார்ப்ரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் பூட்டின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தோம். துணியில் மெல்லிய செம்மண் நிறம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. இதைத்தான் நான் தம்பிக்கு முதலில் காட்ட நினைத்தேன், பிக்கப் அப்புறம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். திண்டுக்கல் பக்கம் கிராமத்து ரோட்டில் ஒரு மணல் லாரிக்குப் பின்னால் போகும்போது அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளம்பரங்களில் 99 சதவீதம், 97 சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பார்கள், பார்க்க ஒன்றுபோல இருக்கும். பிடிபட்டதைப் பார்க்காமல் உள்ளே போனதைப் பாருங்கள். 100 கிராம் தூசியில் முதலாவது ஒரு கிராமை விடுகிறது, இரண்டாவது மூன்று கிராமை விடுகிறது. ரிங்கும் சிலிண்டரும் மூன்று மடங்கு தின்னப்படும். தூசியில் இருப்பது பெரும்பாலும் மணல் துகள், இரும்பைவிடக் கடினமானது.

பருத்தி ஃபில்டர் மட்டம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். 1969-ல் கலிஃபோர்னியாவில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்டு என்ற இருவர் மோட்டார் சைக்கிள் வியாபாரத்தோடு தொடங்கிய கே அண்ட் என், பாலைவன ரேஸ் வண்டிகளுக்காக இந்த வகையைப் பெரிதாக்கியது. அந்த ஊர் ரேஸ்காரருக்கு ஒவ்வொரு ரேஸுக்கும் கழுவி எண்ணெய் போட ஆளும் நேரமும் இருந்தது. பருத்தித் துணி தனியாகத் தூசியைப் பிடிக்காது. அதிலுள்ள எண்ணெய்தான் பிடிக்கிறது. எண்ணெய் காய்ந்தால் அது வெறும் வலை. நம் தம்பி வாங்கிய பிறகு ஒருமுறைகூடக் கழுவவில்லை, எண்ணெயும் போடவில்லை. "லைஃப் டைம்னு எழுதியிருந்துச்சுண்ணே." ஃபில்டருக்கு லைஃப் டைம் சரி, எண்ணெய்க்கு?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிராங்க் கேஸிலிருந்து எண்ணெய் ஆவியை ஏர் பாக்ஸுக்குக் கொண்டுபோகும் பிரீதர் குழாய், டப்பா போனதால் அநாதையாகி, ஸ்விங் ஆர்ம் அருகே டேக் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதன் முனையிலிருந்து கசிந்த எண்ணெய் பின் டயரின் பக்கச் சுவர்வரை தெறித்திருந்தது. மழையில் அந்த டயரோடு வளைவில் சாய்வதை நினைத்தால் பிக்கப் விவகாரமே சின்னதாகப் போய்விடும். புகைவழிக் காற்றுக் குழாயும் அப்படித்தான், ஃபில்டர் எதுவும் இல்லாமல் திறந்து கிடந்தது.

செய்த வேலை

இரண்டு வழி சொன்னோம். ரப்பர் உதட்டை பிளேடால் சீவி, துளைகள் மூடாமல் செய்துவிட்டு, ஜெட்டை மறுபடி பொருத்துவது ஒன்று. செலவு கம்மி, சத்தமும் இருக்கும். ஆனால் சூடு, தூசி, மழை, பிரீதர் எதுவும் தீராது. கம்பெனி டப்பாவைத் திரும்ப மாட்டி, உள்ளே அதே அளவுப் பருத்தி ஃபில்டரைப் போடுவது இன்னொன்று. தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். சத்தம் போய்விடுமே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. ஒளிக்காமல் சொன்னேன்: நீங்கள் பிக்கப் என்று முதல் நாள் நினைத்ததில் முக்கால்வாசி சத்தம்தான் தம்பி. டப்பா வெறும் காற்றுப் பெட்டி மட்டும் இல்லை, உள்வாங்கும் சத்தத்துக்கு அது சைலன்சர். இரண்டாவது வழிக்கு ஒத்துக்கொண்டார்.

அவருடைய டப்பாவை எங்கேயோ தொலைத்திருந்தார்கள். பழைய பாகக் கடையில் ஒன்று கிடைத்தது, மூடியின் ரப்பர் வளையம் இல்லாமல். அதை மட்டும் புதிதாக வாங்கினோம். இந்த வளையத்தில் கஞ்சத்தனம் காட்டுபவர்கள் நிறையப் பேர். எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டர் போட்டாலும், ஓரத்தில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தால் காற்று சுலபமான அந்த வழியில்தான் போகும், தூசியோடு.

மெயின் ஜெட் கம்பெனி அளவுக்குத் திரும்பியது. கார்ப்ரேட்டரை முழுசாகக் கழற்றி, டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஊசி ஓட்டை இல்லை. பிளக் இரண்டும் புதிது. பிரீதரும் புகைவழிக் குழாயும் டப்பாவில் அதனதன் இடத்தில் ஏறின. பருத்தி ஃபில்டருக்கு எண்ணெய் போடுவதில் பொறுமை வேண்டும். மடிப்புக்கு மடிப்பு கொஞ்சமாக விட்டு, அரை மணி நேரம் ஊற விட்டு, வெளுத்துத் தெரிகிற இடத்தில் மட்டும் திரும்பத் தொட வேண்டும். அப்பிவிட்டால் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு கார்ப்ரேட்டர் துளைகளில் பிசுபிசுக்கும். கழுவும்போது பெட்ரோலில் முக்குவது இங்கே சகஜம்; துணியையும் ரப்பர் வளையத்தையும் கெடுக்கும், கூடாது.

ஃபில்டருக்கு உள்பக்கம், டப்பாவிலிருந்து கார்ப்ரேட்டருக்குப் போகும் குழாயின் சுவரில் மெல்லிசாக கிரீஸ் பூசி வைத்தோம். ஏதாவது தூசி தாண்டி வந்தால் அதில் ஒட்டும். அடுத்த சர்வீஸில் திறந்து விரலால் தேய்த்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

ஓட்டிப் பார்த்ததில் 60-ல் இருந்த சுவர் இல்லை. டாப் கியரில் 40-லிருந்து 80 வரை ஏற எடுக்கும் நேரத்தைக் காகித ஃபில்டரோடும் பருத்தி ஃபில்டரோடும் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கட்டைவிரல் முந்திப் பிந்தி அழுத்துகிற வித்தியாசத்தைத் தாண்டவில்லை. மைலேஜ் பழைய இடத்துக்கு வந்தது. தம்பி மறுபடி கொடைக்கானல் போய் வந்தார், அதே ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு. மேலே வண்டி கொஞ்சம் சோர்ந்தது என்றார், முக்கவில்லை. அது எல்லா வண்டிக்கும் உள்ளது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்ப்ரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலை முழுதாகக் குறைக்காது. கலவை கிட்டத்தட்ட 10 சதவீதம் கெட்டிப்படும். கீழேயே கெட்டிக் கலவையில் ஓடிய வண்டி மலையில் திணறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அடுத்த சர்வீஸில் கிரீஸைத் தொட்டுப் பார்த்தேன். நறநறப்பு இல்லை. பிளக் இரண்டும் வெளிர் காப்பிக் கலரில் இருந்தன, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் கலவை சற்று மெலிந்து, அதனால் இந்த வெளுப்பு வந்திருக்கலாம். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலியும். பழைய கார்ப்ரேட்டர் வண்டிக்கு இன்று ஒரு படி ஜெட் ஏற்றக் காரணம் வேண்டுமென்றால், ஃபில்டரைவிட அதுவே பொருத்தமான காரணம். இந்த வண்டியில் இப்போதைக்குத் தேவைப்படவில்லை.

காகித வேலையும் புது வண்டிகளும்

புகைச் சான்றிதழ் விஷயமும் உண்டு. 2000 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்த வகை நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். துளை மூடிய கார்ப்ரேட்டரோடு அந்த வரம்புக்குள் நிற்பது கஷ்டம். வேலை முடிந்ததும் தம்பி நேராகச் சோதனை மையத்துக்குப் போய் சான்றிதழ் வாங்கிவிட்டார். சட்டத்தின்படி வண்டியை அனுமதியில்லாமல் மாற்றி அமைத்தால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. ஏர் ஃபில்டருக்காக யாரையும் ரோட்டில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. சைலன்சருக்கு நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகு கண் மற்றதிலும் விழும்.

2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 கிளாசிக்கில் கார்ப்ரேட்டர் இல்லை, எஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. அதனால் இந்தத் துளைப் பிரச்சினை வராது. "அப்ப எஃப்ஐ வண்டிக்குக் கோன் போடலாமாண்ணே" என்று தம்பியே கேட்டார், நண்பர் ஒருவருக்காக. சீரான ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துப் பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும். முழு ஆக்ஸிலேட்டரில் எஞ்சின் கம்ப்யூட்டர் சென்சாரைப் பெரிதாக நம்பாது. முன்பே எழுதி வைத்த கணக்கில் ஓடும். அந்தக் கணக்கு கம்பெனி டப்பாவுக்காக எழுதியது. சூடு, தூசி, பிரீதர் மூன்றும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன, வாரண்டி தகராறு கூடுதலாக. நண்பரிடம் டப்பாவுக்குள் போடும் வகையை வாங்கச் சொன்னேன், கூடவே எண்ணெய் பாட்டிலையும்.